சார்ஜென்ட் உட்கார்ந்த இடம்

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் உறையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தடவையும் என் பெயருக்குக் கீழே "மேஜர் அவர்களின் மகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே தபால் பிரிக்கிற இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இந்த மேஜர், எந்த முகாம்?" என்று ஆளாளுக்கு விசாரணை. அப்பா போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவரைத் தேடி ஆள் அலையவிட உங்களால்தான் முடியும். நான் கார்ப்போரல், அம்மா. அந்த ஒரு வார்த்தையை எழுதினால் பேனா உடைந்துவிடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் நாய் மிளகுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பின்னங்கால் மூட்டு இறுகிப்போய்விட்டது. மூக்கு இன்னும் கத்தி மாதிரி இருக்கிறது, ஆனால் மலைப்பாதையில் எங்களோடு ஏற முடியவில்லை. எனக்குப் புது நாய் வந்தாயிற்று. ஒரே நேரத்தில் இரண்டை வைத்துக்கொள்ள விதி இல்லை. வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் கிடைக்காத நாய்கள் கிடங்குக்குப் பின்னால் உள்ள கொட்டடிக்குப் போகும். சாப்பாடு போடுவார்கள், வைத்தியம் பார்ப்பார்கள். ஆனால் சிமெண்ட் தரை, கம்பிக் கதவு. இத்தனை காலம் எனக்கு முன்னால் நடந்தவளை அங்கே விட எனக்கு மனசு வரவில்லை.

உங்களுக்கு நாய் பிடிக்காது என்று தெரியும். நான் நாய்களோடு வேலை செய்வது அதைவிடப் பிடிக்காது என்பதும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். எனக்கென்று இருப்பது உங்கள் வீடு ஒன்றுதான்.

இன்னொன்று, இதற்காகவாவது சிரியுங்கள். எங்கள் படையில் நாய்க்கு எப்போதும் அதை நடத்திப்போகிற கையாளைவிட ஒரு படி மேலான பதவி. நாயிடம் யாரும் கைநீட்டக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். அதனால் மிளகு சார்ஜென்ட். தினமும் காலையில் நான்தான் அவளுக்குச் சல்யூட் அடிப்பேன்.

உங்கள் மகள்


மார்ச் 15

மகளுக்கு,

பேனாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது உன் அப்பா வாங்கித் தந்தது. தனக்குச் சம்மதமில்லாததை எழுதும் பழக்கம் அதற்கு இல்லை.

உன் கடிதத்துக்கு "முடியாது" என்று பதில் எழுதி, உறையும் ஒட்டிவிட்டேன். நாய் முடி சோபாவில் ஒட்டும். நாய் வாசம் திரைச்சீலையில் ஏறும். அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வான பெண் அதை உதறிவிட்டு நாய்ச்சங்கிலி பிடிக்கப் போனதை நான் ஜீரணித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சங்கிலியின் மறுமுனையும் என் வீட்டுக்கு வர வேண்டுமா என்று எனக்கு எரிச்சல்.

பிறகு தபால்பெட்டிக்குப் போகும் வழியில் உன் கடைசி வரிகள் நினைவுக்கு வந்தன. பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஒரு நாயை வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு சார்ஜென்ட்டைச் சிமெண்ட் தரையில் படுக்கவைக்க நான் காரணமாக இருக்க முடியாது. உன் அப்பா இருந்த காலத்தில் இந்த வீட்டு வாசலுக்கு வந்த எந்தப் படைவீரரும் சாப்பிடாமல் திரும்பியதில்லை. அவர் இல்லை என்பதற்காக முறை மாறாது.

ஆகவே அனுப்பு. ஆனால் சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மிளகு என்பது சமையலறைப் பெயர். இங்கே அவர் சார்ஜென்ட் என்றே அழைக்கப்படுவார். சோபாவில் ஏறக் கூடாது. முக்கியமாக, கூடத்தில் உன் அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கும் பித்தளைப் பீரங்கிக் குண்டை நக்கவோ உருட்டவோ கூடாது. ஓய்வு பெற்ற அன்று அவருடைய வீரர்கள் மருந்தை எடுத்துவிட்டு, பெயர் வெட்டித் தந்த பரிசு அது. வாரம் தவறாமல் நான் என் கையால் பாலிஷ் போடுகிறேன். காற்றுக் காலத்தில் கூடத்துக் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடிப்பதும் அதுதான். அதன்மேல் எந்த மூக்கும் படக் கூடாது.

உன் தாய்


ஏப்ரல் 6

மகளுக்கு,

சார்ஜென்ட் நல்லபடியாக வந்து சேர்ந்தார். அழைத்து வந்த வீரன் கதவருகில் நின்று அவருக்குச் சல்யூட் அடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். சார்ஜென்ட் அழவில்லை. வாசல் மிதியடியில் நான்கு கால்களையும் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். நீ ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மேடம், கடிக்குமா?" என்று கேட்டார்.

"நீங்கள்தானே பல் டாக்டர், வந்து பார்த்துச் சொல்லுங்களேன்" என்றேன். தலை காணாமல் போய்விட்டது.

டாக்டருக்கு ஒரே ஏமாற்றம், குண்டு கண்டுபிடிக்கிற நாய் என்றால் நாள் முழுக்கக் குரைக்கும் என்று எதிர்பார்த்தாராம். சார்ஜென்ட் ஒருமுறைகூடக் குரைக்கவில்லை. இந்தத் தெருவிலேயே கத்தாமல் இருக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அவருடைய பையில் நீ வைத்திருந்த குறிப்புகளில் உணவைப் பற்றிய பக்கத்தைப் படித்து, அதன்படியே நடக்கிறேன். மீதியெல்லாம் அவர் வேலை பார்க்கும் விதம் பற்றியது என்று தலைப்பிலேயே தெரிந்ததால் மடித்து வைத்துவிட்டேன். ஓய்வு பெற்ற ஒருவரிடம் பழைய வேலையைக் கிளறுவது நாகரிகமில்லை. உன் அப்பாவிடமும் நான் அதைச் செய்ததில்லை. பையில் இருந்த சிவப்பு ரப்பர் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கூடத்தில் பந்து விளையாட்டு கிடையாது.

உன் தாய்


ஏப்ரல் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் எங்கள் கொட்டகையில் சத்தமாகப் படித்தேன். மிதியடி விஷயத்துக்கு எல்லோரும் கை தட்டினார்கள். உங்களுக்கு இங்கே ரசிகர் மன்றமே உருவாகிவிட்டது.

அந்தப் பந்தை மட்டும் பூட்டி வைக்காதீர்கள், அம்மா, பாவம். அது அவளுக்கு விளையாட்டுச் சாமான் கிடையாது. சம்பளம், பதக்கம், பென்ஷன் எல்லாம் அதுதான். நல்லபடியாக ஒரு வேலை செய்தால் பந்தைத் தூக்கிப் போட்டு, குரலை உச்சத்துக்குக் கொண்டுபோய், "யாரு என் தங்கம்? யாரு என் தங்கம்?" என்று கொஞ்ச வேண்டும். சாதாரணக் குரலில் சொன்னால் அவளுக்குக் கணக்கில்லை. எங்கள் பயிற்சிப் பள்ளியில் மீசை வைத்த ஆட்களெல்லாம் மைதானத்தில் நின்று இப்படிக் கீச்சிடுவார்கள். வெட்கப்படுகிறவனுக்கு நாய் வேலை செய்யாது.

மற்றப் பக்கங்களையும் ஒருதரம் படித்துவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் நான் உட்கார்ந்து எழுதியது.

புது நாய்க்கு வாலாட்டத் தெரிகிற அளவுக்கு வேலை தெரியவில்லை. கற்றுக்கொள்வான். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உங்கள் மகள்


மே 1

மகளுக்கு,

எந்தக் காரணத்துக்காகவும் நான் என் வீட்டுக்குள் கீச்சிடப் போவதில்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். "நன்று" என்று தெளிவாக ஒருமுறை சொன்னால் சார்ஜென்ட்டுக்குப் புரிகிறது.

இன்று நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைப் பற்றி. கொஞ்ச நாட்களாகக் கவனித்து, உறுதி செய்துகொண்ட பிறகே எழுதுகிறேன்.

காலையில் தோட்டத்திலிருந்து உள்ளே வந்ததும் சார்ஜென்ட் நேராக உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் போகிறார். உட்கார்கிறார். முதுகு நேராக, காதுகள் விறைப்பாக, தலையை மட்டும் சற்றுத் தாழ்த்தி, அப்படியொரு பணிவு. வால்கூட அசைவதில்லை. பால் கிண்ணத்தின் சத்தம் கேட்டாலும் எழுவதில்லை. நடுவில் ஒருமுறை தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார், மீண்டும் முன்னால் திரும்பிக்கொள்வார். நான் போய், "மேஜர் சார்பில் நன்றி, சார்ஜென்ட்" என்று சொல்லிக் கழுத்துப்பட்டையைத் தொட்ட பிறகுதான் வருவார், அதுவும் அரை மனதாக. மாலையிலும் இதேதான். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். தினமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உட்காருவது தற்செயல் ஆகாது.

உன் அப்பாவை ஒருநாளும் பார்த்திராத ஒரு ஜீவன். ஓர் அதிகாரியின் முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. விசுவாசம் என்றால் என்ன என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என் கூடத்துக்கு வந்து பார்க்கட்டும். அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுதான் நீ ஒருநாள், "எனக்கு அதிகாரிப் பயிற்சி வேண்டாம்" என்று சொன்னாய். நான் மறக்கவில்லை.

அடுத்த வாரம் கூடத்தை ஒழுங்குபடுத்தப் போகிறேன். அவர் வசதியாக உட்கார ஏதுவாகக் குண்டைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்று எண்ணம்.

உன் தாய்


மே 7

அம்மா,

குண்டைத் தொடாதீர்கள்.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன். உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படித்ததும் தொலைபேசி இருக்கிற அறைக்கு ஓடினேன். உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்து, "கத்தாமல் பேச வரும்போது கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மறுபடி அடித்தால் எடுக்கவே இல்லை. உங்கள் ஊர் முகாமின் வெடிகுண்டுப் பிரிவுக்குப் பேசியிருக்கிறேன். கிளம்பிவிட்டோம் என்றார்கள்.

மிளகு குண்டைக் கண்டால் குரைக்க மாட்டாள், அம்மா. குரைப்பதற்குப் பழக்கியிருந்தால் நானும் என் பின்னால் வருகிறவர்களும் எப்போதோ போயிருப்போம். அவள் உட்கார்வாள். வெடிமருந்து வாசம் வந்தால், அசையாமல், அதற்கு முன்னால் உட்கார்வாள். "இங்கே இருக்கிறது" என்று அர்த்தம். கையாள் பார்த்தானா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். குறிப்பில் இரண்டாம் பக்கம் முதல் வரியே அதுதான்.

தலையைத் தாழ்த்தி என்று எழுதியிருந்தீர்கள். அப்பா படம் சுவரில் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. நன்றாக நினைத்துப் பாருங்கள். அவள் எதைப் பார்த்தாள்?

சின்ன வயசில் நான் அதன்மேல் ஏறிக் குதிரை ஓட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எழுத்து கோணுகிறது. அதையும் குறை சொல்லிப் பதில் எழுதுங்கள். எதையாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்


மே 9

மகளுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. ஆனால் நீ பதறிக்கொண்டிருப்பாய் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். நான், சார்ஜென்ட், வீடு, மூவரும் முழுசாக இருக்கிறோம்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பவும் கூடத்துக்குப் போனேன். தூசு தட்டும் வேலை பாதியில் இருந்தது. குண்டை நகர்த்தலாம் என்று குனிந்தபோது சார்ஜென்ட் எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றார். உறுமவில்லை. என் முழங்காலில் தோளை வைத்து மெதுவாகத் தள்ளினார். நான் அவரைக் கண்டித்துக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது.

இறங்கிய லெப்டினன்ட்டுக்கு உன் வயதுதான் இருக்கும். உள்ளே வந்ததும் முதலில் சார்ஜென்ட்டைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். "யார் கண்டுபிடிச்சது மேடம், இவங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தனை நாளா சொல்லிட்டிருக்காங்க?" என்று கேட்டார். நான் கையிலிருந்த தூசுத் துணியை மடித்து வைத்தேன்.

தெருவையே காலி செய்துவிட்டார்கள். பல் டாக்டர் பாதிச் சிகிச்சையில் இருந்த நோயாளியோடு வெளியே ஓடி வந்தார். அந்த மனிதர் கழுத்தில் துண்டும் வாயில் பஞ்சுமாக என் அருகில் நின்று ஏதேதோ கேட்டார். ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

குண்டின் வயிற்றில் மருந்து இல்லையாம். அதைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். மூக்கில் திருகியிருந்த, வெடிப்பைத் தொடங்கி வைக்கிற சின்ன வெடிப்பானை மட்டும் திறக்காமல் விட்டுவிட்டார்களாம். ஒரு கையையும் அந்தப் பக்கத்து ஜன்னல்களையும் கொண்டுபோக அது போதும் என்றார் லெப்டினன்ட். நான் மிக நன்றாகப் பாலிஷ் போட்ட பகுதி அதுதான்.

ஊருக்கு வெளியே பொட்டலில் மணல்மூட்டைகளுக்கு நடுவில் வைத்து வெடிக்கச் செய்தார்கள். நானும் வருவேன் என்று சொன்னேன். முடியாது என்றார்கள். போனேன். கயிற்றுக்குப் பின்னால் சார்ஜென்ட்டோடு நின்றேன். சத்தத்துக்கு நான்தான் குதித்தேன், அவர் இல்லை.

பிறகு லெப்டினன்ட் ஒரு தாளை எடுத்து, "இது எப்படி உங்க வீட்டுக்கு வந்துச்சுன்னு எழுதணும் மேடம். பழைய பொருள்தானே, தெரியாதுன்னு போட்டுடவா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். மேஜரின் பெயரில் ஒரு கீறலும் விழ வேண்டாம் என்று நினைத்திருப்பார். எனக்கும் ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டுமே என்று தோன்றியது. ஆனால் அதே பட்டறையிலிருந்து அதே மாதிரி வேறு வீடுகளுக்கும் பரிசு போயிருக்கலாம். அங்கேயும் யாராவது ஒரு பெண் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கலாம். எந்தப் படைப்பிரிவு, எந்தப் பட்டறை, யாருக்குத் தந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பாவாக இருந்தால் முதல் கேள்விக்கே சொல்லியிருப்பார்.

வீட்டுக்குத் திரும்பியபோது குண்டு வைத்திருந்த மரப்பீடம் காலியாக இருந்தது. சார்ஜென்ட் படத்துக்கு முன்னால் போய் ஒரு தரம் முகர்ந்தார். உட்காரவில்லை. சோபாவுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். உன் அப்பாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் தாய்


மே 18

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. நான் அழுதேன், பிறகு பஞ்சு வாய்க்காரரைப் படித்துச் சிரித்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததால் புது நாய் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டான். அவன் சரியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஒன்று சொல்லட்டுமா? அன்றைக்கு அப்பா படத்துக்கு முன்னால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதிகாரி ஆவது பெரிய விஷயம்தான். ஆனால் தேர்வு முடிந்த அன்று அவர்கள் எங்களுக்கு நாய்ப் பயிற்சியையும் காட்டினார்கள். அங்கே ஒரு பழைய பயிற்சியாளர் ஒரு நாயின் வாரை என் கையில் கொடுத்து, "இதுக்குப் பொய் சொல்ல வராது. உனக்கு வரும். அதை மட்டும் பார்த்துக்கோ" என்றார். வேலையில் பாதையைச் சோதித்து நடக்கும்போது எனக்கு முன்னால் மிளகு, எனக்குப் பின்னால் ஒரு வரிசை ஆட்கள். அவள் உட்கார்ந்தால் நான் கையைத் தூக்குவேன். பின்னால் வருகிறவர் கர்னலாக இருந்தாலும் அப்படியே நிற்பார். ஏன் என்று கேட்க மாட்டார். அந்தக் கையைத் தூக்கத்தான் நான் வந்தேன், அம்மா.

இப்போது மிளகு விஷயம். இவ்வளவு நடந்த பிறகு அவள் உங்களுக்குப் பாரமாகத் தோன்றினால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எங்கள் சமையல்காரருக்கு ஊரில் தோட்டம் இருக்கிறது. அவர் வைத்துக்கொள்ளத் தயார். எனக்கு வருத்தமில்லை.

(வருத்தம்தான். ஆனாலும் சொல்லுங்கள்.)

உங்கள் மகள்


மே 27

மகளுக்கு,

சமையல்காரரின் தோட்டத்துக்கு என் வாழ்த்துகள். சார்ஜென்ட் அங்கே போக மாட்டார். அந்த மரப்பீடம் இருந்த இடத்தில் அவருடைய மெத்தை போடப்பட்டிருக்கிறது. மேஜருக்கு ஆட்சேபணை இருக்காது.

உன் குறிப்புகளின் எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டேன். தெளிவாக எழுதியிருக்கிறாய். ஓரத்தில் பென்சிலால் சில கேள்விகள் குறித்திருக்கிறேன், விடுப்பில் வரும்போது பதில் சொல். நாயின் வாரைப் பிடிக்கும் முறை பற்றிய பக்கத்தை நான் பல் டாக்டருக்கும் படித்துக் காட்டினேன். அவர் "நம்ம பொண்ணா எழுதினது?" என்று கேட்டார். என்னுடைய பெண் என்று திருத்தினேன்.

ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சார்ஜென்ட் தினமும் வந்து தன் வேலையைச் செய்தார். தினமும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்னொருவராக இருந்தால் இந்தக் கிழவிக்குப் புரியாது என்று இரண்டாம் நாளே விட்டிருப்பார். அவர் விடவில்லை. மறுநாளும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். விசுவாசத்தைப் பற்றி நான் எழுதியது தப்பில்லை, அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதில்தான் எனக்குத் தவறிவிட்டது.

உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உன் வேலையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. நான் எதற்கும் பதில் எழுதவில்லை, நீயும் எழுதுவதை நிறுத்தவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உறையைப் பார், பேனா உடையவில்லை.

பந்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். சார்ஜென்ட்டுக்குச் சேர வேண்டிய பாக்கி நிறைய இருந்தது. ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, நீ சொன்ன முறையில், நீ சொன்ன குரலில் செய்தேன். அவர் சோபாவின் மீதேறி இறங்கி, மேசை விளக்கைத் தட்டிவிட்டு, மூன்று மாத நாய்க்குட்டி மாதிரி குதித்தார். நான் மறுபடியும் செய்தேன். தோட்டத்துப் பக்கத்து ஜன்னல் ஒன்று சரியாகச் சாத்தியிருக்கவில்லை போலும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பல் டாக்டர், "என்னையா மேடம் கூப்பிட்டீங்க?" என்று குரல் கொடுத்தார்.

விடுப்பு எப்போது என்று எழுது. சங்கிலியைக் கழற்றிவிட்டு வர வேண்டாம். புதியவரையும் அழைத்து வா. அவர் என்ன பதவி என்று முன்கூட்டியே தெரிந்தால் யாருக்கு எங்கே மெத்தை என்று முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

உன் தாய்

பின்குறிப்பு: கடிதத்தில் குரலை உயர்த்த வழியில்லை, அதை நீயே சேர்த்துக்கொள். இம்முறை ஜன்னல்களைச் சாத்தவில்லை. யாரு என் தங்கம்?